மழைக்கு ஒதுங்கச் சொன்ன கதை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தைரியத்தைப் பற்றிப் பேச நம் அலுவலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். முதல் பத்து வருடம் கோப்புகளுக்குப் பயந்தேன். அடுத்த பத்து வருடம் வானத்துக்குப் பயந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்ற இடத்தில் 'உடல்நிலை' என்று போட்டேன். உண்மையைச் சொன்னால் 'வானிலை' என்று போட்டிருக்க வேண்டும்.

நான் இருந்தது அலங்காநல்லூர் சாலையில் உள்ள நம் சின்ன நிலையத்தில். கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி, வெள்ளை மரக்கூண்டுக்குள் இரண்டு வெப்பமானி, கம்பத்து உச்சியில் காற்றுத்திசை காட்டி. பக்கத்து அறையில் காற்றழுத்தமானியும் நானும். இவற்றைப் பார்த்துவிட்டு, சுற்றுவட்டார விவசாயிகளுக்கு இன்று மருந்து அடிக்கலாமா, நாற்று நடலாமா என்று கைபேசியில் குரல்செய்தி அனுப்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? மாற்றல் உத்தரவு வந்த அன்று நானும் அப்படித்தான் நினைத்துக் காளவாசலில் நண்பர்களுக்கு பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. எனக்கு இடி என்றால் நடுக்கம். சின்ன நடுக்கம் இல்லை; போர்வை தேடுகிற நடுக்கம். வானிலை நிலையப் பொறுப்பாளர் ஒருவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பதிவேடு எழுதிய வரலாறு இந்த மாவட்டத்தில் உண்டு. அது நான்தான்.

பள்ளிப் பிள்ளைகள் நிலையத்தைப் பார்க்க வரும்போது ஆசிரியர்கள் தவறாமல் கேட்கச் சொல்லும் கேள்வி, "வானிலைக்கும் காலநிலைக்கும் என்ன வித்தியாசம்?" நான் சொல்லும் பதில் இது. காலநிலை என்பது என் மனைவியின் சுபாவம். முப்பது வருடம் கூடவே இருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். வானிலை என்பது இன்று காலை அவள் காப்பி டம்ளரை மேசையில் வைத்த சத்தம். சுபாவம் தெரியும் என்பதற்காகச் சத்தத்தைக் கவனிக்காமல் இருந்தால் அன்றைய பொழுது வீண். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆசிரியைகள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்கள்.

நான் சொல்லவந்த சம்பவத்துக்கு முன்னால், அதற்கு வழி செய்து கொடுத்த அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலையத்துக்குப் போன புதிதில் எனக்குத் தெரிந்தது ஒரே பாடம். நம் தலைக்கு மேல் அடுக்கி நிற்கும் காற்றின் எடைதான் காற்றழுத்தம். அது குறைந்தால் புயல். ஓர் ஆடி மாதத்துக் காலையில் காற்றழுத்தமானியைப் பார்த்தேன். பத்து மணிக்கு ஓர் அளவு இருந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்திருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் குறைவு. மூன்று மணிக்கு அதற்கும் கீழே. அங்கே அழுத்தம் இறங்க இறங்க, இங்கே என் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் குரல்செய்தியில் அலறினேன்: "எல்லாரும் வேலையை நிறுத்துங்க, புயல் வருது, வீட்டுக்குப் போங்க!"

போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்குப் போல் அழகான அந்தி அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

நகரத்து அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி அழைத்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். திட்டுவார் என்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

"சார், நேத்து மூணு மணிக்கு என்ன அளவு இருந்துச்சு?"

"பாக்கலைங்க மேடம்."

"முந்தாநாள்?"

"அதுவும் பாக்கலை."

"தினமும் இதே கதைதான் சார். காத்தழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறி இறங்கும். காலையில பத்து மணிக்கு மேல இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்குக் கீழ இருக்கும். மறுபடி ராத்திரி ஒரு தடவ. நம்ம ஊர்ப் பக்கம் கடிகாரம் மாதிரி நடக்கும். நீங்க இன்னிக்குத்தான் திரும்பிப் பாத்திருக்கீங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நேற்றைய இதே நேரத்தோடு ஒப்பிடாத எந்த அளவும் வெறும் எண்தான் என்பதை அதற்குப் பிறகு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தோடு ஒரு பட்டப்பெயரும் சேர்ந்து வந்தது. சூட்டியவர் பாண்டியம்மாள்.

பாண்டியம்மாள் நடவுக்குப் போகும் பெண்கள் குழு ஒன்றின் தலைவி. பதினெட்டுப் பேர். முப்பத்தைந்து வயது இருக்கும். நிலையத்துக்குக் கிழக்கே நான்கு கிலோமீட்டரில் பெரும்பாலும் அவர்களுக்கு வேலை. நான் அலறிய அன்று பாதி வயலை விட்டுவிட்டுக் கரையேறியவர்கள் அவர்கள்தான். மறுநாளிலிருந்து காலையில் என்னை அழைத்துவிட்டுத்தான் வேனில் ஏறுவார்.

"புயலண்ணே, இன்னிக்கு எப்படி?"

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்."

"அந்த ஓரிரு எடத்துல எங்க எடம் உண்டாண்ணே, இல்லையா?"

"அதைச் சொல்ல முடியாது பாண்டியம்மா."

"அப்ப எனக்கும் தெரிஞ்சதத்தான் நீங்களும் சொல்றீங்க. சரி, நான் வாரேன்."

இப்படியே ஆடி போனது, ஆவணி போனது. புரட்டாசி வந்தது.

புரட்டாசி வெயிலை நம்பாதீர்கள். காலை முழுவதும் தரை காய்கிறது. காய்ந்த தரை தன் மேலிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. மேலே குளிர்ந்து, மேகமாகி, அந்த மேகம் காலிஃப்ளவர் போல் குமிழ்விட்டு வளர்ந்துகொண்டே போகிறது. அதற்கு மேல் ஏற முடியாத உயரத்தில் போய் முட்டி, கொல்லன் பட்டறைக் கல் போல் தட்டையாக விரிந்தால், அதற்குக் கீழே யாரோ மாட்டப்போகிறார்கள் என்று பொருள். அன்றைக்கு அப்படி ஒன்று சிறுமலைப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. பார்த்தேன். தினமும் ஒன்று நிற்கும்; பாதிக்கு மேல் கலைந்துவிடும். நான் பதற்றப்படவில்லை. பதற்றப்படக் கூடாது என்று ஆடி மாதமே சபதம் எடுத்திருந்தேன்.

மூன்று மணிக்குக் காற்றழுத்தமானியைப் பார்த்தேன். அது இறங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். முந்தின பத்து நாளும் அந்த நேரத்தில் இறங்கித்தான் இருந்தது. இப்போது வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அன்று ஏறியிருந்தது. ஐந்து நிமிடத்தில் இன்னும் ஏறியது.

கண்ணாடியைத் துடைத்தேன். கருவியின் கண்ணாடியையும், என் கண்ணாடியையும். அப்போதும் ஏறித்தான் இருந்தது.

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியாகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு காற்று வந்து முழங்காலைத் தொட்டது. இடிமேகத்துக்குள் மழையோடு சேர்ந்து கீழே விழும் குளிர்ந்த காற்று கனமானது. அது தரையில் மோதி நாலாபுறமும் பரவும். அது வந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று ஏறும். மேகம் அடுத்த சில நிமிடங்களில் வந்து நிற்கும். இங்கே வந்துவிட்டால் கிழக்கே நான்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்? கால் மணி நேரம்கூட இருக்காது.

இப்போது நான் வெட்கப்படும் இடத்தைச் சொல்கிறேன். உடனே அழைத்தேன் என்றுதான் அலுவலக அறிக்கையில் எழுதினேன். உடனே அழைக்கவில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சுமார் மூன்று நிமிடம் நின்றேன். மழை வராமல் போனால் பாண்டியம்மாள் எனக்கு என்ன பெயர் வைப்பார் என்று யோசித்தேன். 'புயல்' போய் 'சுனாமி' ஆகுமோ? கால் மணி நேரத்தில் மூன்று நிமிடத்தை ஒரு பட்டப்பெயருக்குக் கொடுத்த ஆள் நான்.

முதல் அழைப்பை எடுக்கவில்லை. வயலில் இருக்கும்போது பதினெட்டுப் பேரின் கைபேசியும் தூக்குவாளிகளோடு ஒரே பெரிய பையில் கிடக்கும்; அந்தப் பை வரப்போரத்துப் புளியமரத்தில் தொங்கும். இரண்டாவது அழைப்பையும் எடுக்கவில்லை. மூன்றாவதில் மூச்சு வாங்கும் குரல் வந்தது.

"என்ன புயலண்ணே, எந்தக் கடல்லேருந்து கெளம்பியிருக்கு?"

"பாண்டியம்மா, வெளையாட்டு இல்ல. பெரிய இடி வருது. எல்லாரையும் வயல விட்டு ஏறச் சொல்லு. ஒதுங்குங்க!"

"நெசமாவாண்ணே? இங்க வெயிலுல்ல அடிக்குது?"

"நெசமாத்தான். கெஞ்சிக் கேக்குறேன், சீக்கிரம் ஒதுங்குங்கம்மா!"

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் சிரிக்கவில்லை. கைபேசியை விலக்கிக் கத்துவது கேட்டது. "ஏய், ஏறுங்கடி! அண்ணே ஒதுங்கச் சொல்றாக! நாத்த அப்பிடியே போட்டுட்டு வாங்கடி!" பிறகு என்னிடம், "சரிண்ணே, வந்துட்டாளுக. இந்தா மரத்துக்கு ஒதுங்கிட்டோம்."

இணைப்பு அறுந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். செம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். நான்காவது மடக்கில்தான் அந்த வாக்கியம் காதுக்குள் முழுதாகக் கேட்டது. மரத்துக்கு ஒதுங்கிட்டோம். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

நம் ஊரில் மழைக்கு ஒதுங்குவது என்றால் என்ன? கடை வாசல் இருந்தால் கடை வாசல். வயல்காட்டில் இருந்தால் மரத்தடி. வேறு பொருளே கிடையாது. இடிக்கு ஒதுங்குவது என்று ஒரு வழக்கம் நம்மிடம் இல்லை. பரந்த வெளியில் உயரமாகத் தனித்து நிற்பதைத்தான் மின்னல் தேடும். அந்த வயல்காட்டில் உயரமாகத் தனித்து நின்றது ஒன்றே ஒன்று, அந்தப் புளியமரம். வயல் முழுக்கச் சிதறி நின்ற பதினெட்டுப் பேரை ஓர் இடத்தில் கூட்டி, அதன் வேரில் நிறுத்தி வைத்தது மேகம் இல்லை. நான். எதை விட்டு வர வேண்டும் என்று சொன்னேனே தவிர, எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை.

மறுபடி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதேதான். நிலத்துக்காரரை அழைத்தேன். அவர் மாட்டுத்தாவணியில் பேருந்துகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"அண்ணே, மரத்தடியில நிக்கிறாங்க, அங்கேருந்து எறங்கச் சொல்லணும்!"

"மரத்துல யாருய்யா ஏறுனது?"

வைத்துவிட்டேன்.

என் இருசக்கர வண்டியை எடுத்தபோது முதல் பெரிய மின்னல் வெட்டியது. இடிக்கு மேசைக்கு அடியில் போகிறவன், இடியை நோக்கிப் போனேன் என்று எழுதினால் வீரம் போல் தெரியும். வீரமெல்லாம் இல்லை. அங்கே ஏதாவது நடந்தால் அதற்குப் பிறகு எந்த மேசைக்கு அடியிலும் என்னால் உட்கார முடியாது என்ற பயம், இடியின் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெரிய பயம் சின்ன பயத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியது.

இருபுறமும் வெட்டவெளி. சாலையில் நான் ஒருவன்தான். ஐந்தடி இரண்டு அங்குலம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இரண்டு அங்குலம் தேவையா என்று யோசித்தேன்.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணிக்கொண்டே போனேன். ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகும். பதினைந்து எண்ணினேன். ஐந்து கிலோமீட்டர், பரவாயில்லை. அடுத்தது பன்னிரண்டு. நான்கு, பரவாயில்லை. ஆனால் சத்தம் நெஞ்சுக்கூட்டை உலுக்குகிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி விழுந்த இடி இப்படியா உலுக்கும்? அப்போதுதான் கவனித்தேன். ஒன்றுரெண்டுமூணுநாலு என்று மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். பயந்தவன் வேகமாக எண்ணுவான். வேகமாக எண்ணினால் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் ஆபத்து தூரத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். ஆக, எவ்வளவு பயப்படுகிறோமோ அவ்வளவு பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். இதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. தயவுசெய்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள்.

வயலை அடைந்தபோது மழை பிடித்துவிட்டது. துளி ஒவ்வொன்றும் கல்லாக விழுந்தது. மண்பாதையில் வண்டி சறுக்கியது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மரத்தடியில் பதினெட்டுப் பேரும் உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பாண்டியம்மாள் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்கண்ணே, நனையாதீங்க. நீங்களும் ஒதுங்குங்க."

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடம் எனக்கு வேண்டும்போல் இருந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே, மழை முகத்தில் அறையும்போது, மரத்தடி வீடு போலத் தெரிந்தது. தெரியாதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

"மரத்த விட்டு வாங்க! வேனுக்குப் போங்க!" அவர்களை ஏற்றி வந்த வேன் இருநூறு அடி தள்ளிச் சாலையோரம் நின்றது. நாலாபுறமும் தகரம் மூடிய வண்டி. மின்னல் அதன் மேல் விழுந்தாலும் வெளித்தகரம் வழியாகத் தரைக்குப் போய்விடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தகரத்தைத் தொடாமல் உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பார்கள். இதையெல்லாம் விளக்க நேரம் இல்லை.

"நீங்கதானண்ணே ஒதுங்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பு!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "எது தப்பு? இடி வருதுன்னு சொன்னதா, இல்ல எங்கள நடவ விட்டு ஏறச் சொன்னதா?"

"பாவம், அண்ணனுக்குக் குளிருது. பேச்சு கொழறுது," என்றது இன்னொரு குரல். சிரித்தார்கள். மின்னல் வெட்டியது. இந்த முறை கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நொடி.

கெஞ்சினேன், கும்பிட்டேன். நனைந்த கோழி கும்பிடுவதுபோல் இருந்திருக்கும். இன்னும் சிரித்தார்கள். புத்திசாலித்தனமாக எதுவும் தோன்றவில்லை. கிளையில் தொங்கிய அந்தப் பை மட்டும் கண்ணில் பட்டது. பதினெட்டுக் கைபேசியும் பதினெட்டுத் தூக்குவாளியும் அதில்தான் இருந்தன. எட்டிப் பறித்தேன். ஓடினேன்.

பின்னாலிருந்து வந்தது பாருங்கள் வசவு! என் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் தொட்டு, நான் அதுவரை கேட்டிராத வார்த்தைகளெல்லாம் மழைக்கு மேலே கேட்டன. திரும்பிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் துரத்தி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் மரத்தடியில் இல்லை. தூக்குவாளிகள் முதுகில் இடித்தன. ஓட்டத்தில் நான் பள்ளிக்கூடத்திலேயே கடைசி ஆள். அன்று முதல் ஆள்.

வேன் ஓட்டுநர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கதவை இழுத்துப் பையை உள்ளே எறிந்தேன்.

"யாருய்யா நீ?"

"கண்ணாடிய ஏத்து மாப்ள! ஏத்து!"

பாண்டியம்மாள்தான் முதலில் வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே அவரை உள்ளே இழுத்தேன். பின்னால் வந்தவர்கள் பையைத் தேடி ஏறினார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராக விழுந்தார்கள். கடைசிப் பெண்ணின் முந்தானையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"தகரத்தத் தொடாதீங்க!" என்று நான் கத்தியதும் உலகம் வெள்ளையானது.

எண்ண இடமே இல்லை. ஒளியும் ஒலியும் ஒன்றாக வந்தன. வேன் தரையிலிருந்து எழும்பி உட்கார்ந்ததுபோல் இருந்தது. காதுக்குள் ஒரு ஊதல். என் சட்டைக் கழுத்திலிருந்த கை இறுகியது, விடவில்லை. யாரோ சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்து, எந்தச் சாமி என்று நினைவு வராமல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை.

அது எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்தான் தெரிந்தது. இன்னும் நான்கைந்து இடிகள் தள்ளித் தள்ளிப் போயின. கால் மணி நேரம் கொட்டிவிட்டு, குழாயை மூடியதுபோல் மழை நின்றது. வெயில் வந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எல்லாரும் ஒரே திசையில் பார்த்தோம்.

புளியமரம் நின்றது. ஒரு இலை கருகவில்லை. ஒரு கிளை ஒடியவில்லை. குளித்துவிட்டு வந்த புதுமாப்பிள்ளை போல் பளபளவென்று நின்றது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலையில் உங்களுக்கு அடிக்கடி நடக்கப்போவது இதுதான். நீங்கள் சொன்னது நடக்காது. மரம் நிற்கும். அது நிற்பதைக் காட்டி உங்களைக் கேலி செய்வார்கள். விழாத மின்னலுக்கு யாரிடமும் சாட்சி இல்லை.

"மரம் நல்லாத்தாண்டி இருக்கு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரும் சிரிக்கவில்லை. பாண்டியம்மாள் என் சட்டைக் கழுத்தை அப்போதுதான் விட்டார். கசங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு கதவுப் பிடியில் கையை வைத்து, திறக்காமல், என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எறங்கலாமா?"

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது என்பது விதி. மழை நின்றுவிட்டாலும் மேகத்தின் வால் அடிக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. வெளியே வெயில் காய்கிறது, நட வேண்டிய வயல் பாக்கி கிடக்கிறது, உள்ளே பதினெட்டுப் பேர் ஈரச்சேலையோடு வேகிறார்கள்.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்," என்றேன்.

"இம்புட்டு வெயிலுலயா?" என்றார் ஓட்டுநர்.

பாண்டியம்மாள் பிடியிலிருந்து கையை எடுத்தார். "உக்காருங்கடி," என்றார்.

யாரோ ஒருத்தி தூக்குவாளியைத் திறந்தாள். மிச்சமிருந்த புளிச்சோறு கைமாறி என்னிடமும் வந்தது. இருபத்திரண்டு நிமிடமும் அந்தத் தகரப் பெட்டிக்குள், வெயிலைப் பார்த்துக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி கூட இறங்கவில்லை.